செய்திக்கு அடியில் இருக்கும் பாடம்

இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலைப் பாடத்திட்டம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடக் கூடியது. அதில் பொது அறிவு முதல் தாளுக்கென்று வகுக்கப்பட்டுள்ள ஏழு பொருள்களில் முதலாவதாக நிற்பது, தேசிய அளவிலும் பன்னாட்டு அளவிலும் முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள் என்னும் ஒற்றை வரி. வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், சுற்றுச்சூழல், பொது அறிவியல் ஆகிய மற்ற ஆறும் நூல்களாலும் பாடப்புத்தகங்களாலும் ஓரளவு எல்லை வகுக்கப்பட்டவை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்தத் துறையில் எவ்வளவு ஆழம் வரை என்ற வரம்பு ஏதுமின்றி விடப்பட்டிருப்பது இந்த ஒரு வரி மட்டுமே. தேர்வர்களின் அச்சத்துக்கும், அந்த அச்சத்தை நம்பி ஆண்டுதோறும் பெருகிவரும் தொகுப்பு நூல்களின் வணிகத்துக்கும் இந்த எல்லையின்மையே காரணமாகிறது. ஆயினும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும்: ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது யு.பி.எஸ்.சி., செய்தியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. செய்தி எந்த அடிப்படை அறிவைத் தொட்டுச் சென்றதோ அதைக் கேட்கிறது.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. பொது அறிவுத் தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண்களும், திறனறித் தாளில் 80 வினாக்களுக்கு 200 மதிப்பெண்களும் அளிக்கப்படுகின்றன. இரண்டாவது தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்பதால், அடுத்த நிலைக்குச் செல்வோரை முடிவு செய்வது முதல் தாள்தான். தவறான ஒவ்வொரு விடைக்கும் அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். அடுத்து வரும் முதன்மைத் தேர்வு விரிவாக எழுதும் தேர்வு. அதன் 1750 மதிப்பெண்களுடன் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலின் 275 மதிப்பெண்களும் சேர, மொத்தம் 2025 மதிப்பெண்களின் அடிப்படையில் தரவரிசை அமைகிறது. 1855 முதல் இலண்டனிலும் 1922 முதல் அலகாபாத்திலும் நடத்தப்பட்ட பழைய ஐ.சி.எஸ். தேர்வின் வழித்தோன்றலாகிய இதற்கு இன்றைய மூன்றடுக்கு வடிவம் கிடைத்தது, கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979இல்.

இந்த அமைப்பில் கவனிக்கத் தக்க எண் ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில் பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 200க்கு 75.41 மட்டுமே, அதாவது நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. வினாத்தாளில் பாதிக்கும் மேல் தெரியாமலோ உறுதியில்லாமலோ இருப்பது தோல்வி ஆகாது என்பதும், எல்லாச் செய்திகளையும் நினைவில் நிறுத்திவிட வேண்டும் என்ற வேட்கைக்குத் தேர்வின் கணக்கிலேயே இடமில்லை என்பதும் இந்த ஓர் எண்ணிலிருந்தே விளங்கும். எனினும் பயிற்சி மையங்களின் மாதத் தொகுப்புகள் மாதந்தோறும் பருத்துக்கொண்டே போகின்றன. விருது பெற்றவர், புதிதாகப் பதவியேற்றவர், மாநாடு நடந்த நகரம், திட்டம் தொடங்கிய நாள் என்று அவற்றை நிரப்பும் ஒரு வரிச் செய்திகளில் பெரும்பகுதி இந்தத் தேர்வுக்குப் பயன்படுவதேயில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வங்கித் தேர்வுகளிலும், ஒன்றிய அரசின் எழுத்தர் நிலைத் தேர்வுகளிலும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது டி.என்.பி.எஸ்.சி., நடத்தும் சில தேர்வுகளிலும், யார், எங்கே, எப்போது என்னும் நேரடி வினாக்கள் இன்றும் வருகின்றன. அவற்றுக்கு ஒரு வரிச் செய்திகள் உதவவே செய்யும். 1929இல் சென்னை மாகாணத்தில், இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையமாகத் தொடங்கிய மரபின் தொடர்ச்சியாகிய டி.என்.பி.எஸ்.சி.யும், தொகுதி ஒன்று போன்ற உயர்பதவித் தேர்வுகளில் செய்தியின் பின்னணியைக் கேட்கும் வழக்கத்தை வளர்த்து வருகிறது. இரண்டு வகைத் தேர்வுகளுக்கும் ஒரே தொகுப்பை வைத்துக்கொண்டு ஒரே விதமாகப் படிப்பதுதான் பலரும் இடறும் இடம்.

யு.பி.எஸ்.சி.யின் போக்குக்கு இடப்பெயர் வினாக்கள் நல்ல சான்று. 2018ஆம் ஆண்டு வினாத்தாளில் அலெப்போ, கிர்குக், மொசூல், மசார்-இ-ஷரீப் ஆகிய நான்கு நகரங்கள் நாடுகளின் பெயர்களோடு இணைக்கப்பட்டு, எவை சரியான இணைகள் என்று கேட்கப்பட்டது. சிரியாவோடு அலெப்போவும், ஆப்கானிஸ்தானோடு மசார்-இ-ஷரீப்பும் சரியாகப் பொருந்தியிருக்க, ஈராக்கைச் சேர்ந்த கிர்குக் யேமனுக்கும், மொசூல் பாலஸ்தீனத்துக்கும் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. எந்தப் போர் எந்த நாளில் மூண்டது, எந்தப் படைக்கு யார் தலைவர் என்பதெல்லாம் கேட்கப்படவில்லை. செய்தியில் ஓர் ஊரின் பெயர் வந்தபோது தேர்வர் நிலப்படத்தைத் திறந்தாரா என்பது மட்டுமே சோதிக்கப்பட்டது. 2023இல் இதே வகை வினா இன்னும் கடுமையாக வந்தது. வடக்கு கிவு, இத்தூரி ஆகிய பகுதிகள் ஆர்மீனியா, அசர்பைஜான் போரோடும், நாகோர்னோ-கராபாக் மொசாம்பிக்கின் கிளர்ச்சியோடும், கெர்சன், சப்போரிஷியா ஆகியவை இஸ்ரேல், லெபனான் பூசலோடும் இணைக்கப்பட்டு, எத்தனை இணைகள் சரி என்று கேட்கப்பட்டது. முதலிரு பகுதிகளும் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருப்பவை. கராபாக்குக்காக மோதிக்கொண்டவைதாம் ஆர்மீனியாவும் அசர்பைஜானும். கடைசி இரண்டும் உக்ரைனின் பகுதிகள். ஆகவே ஒன்றும் சரியில்லை என்பதே விடை. எவை சரி என்று கேட்பதற்கு மாறாக எத்தனை சரி என்று கேட்கும் இந்த வடிவம், தெரிந்த ஒரு கூற்றை வைத்து மற்றவற்றைக் கழித்து விடை காணும் பழைய உத்தியை ஒரேயடியாகப் பயனற்றதாக்கிவிட்டது.

செய்திக்கும் வினாவுக்கும் இடையிலுள்ள தொலைவை முழுமையாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு, ஆளுநரும் மசோதாக்களும் பற்றிய வழக்கு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் நிகழ்ச்சிப் போக்கு ஓரளவு நினைவிருக்கும். 2020க்கும் 2023க்கும் இடையில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தொடர்பான பத்து மசோதாக்களுக்கு ஆளுநர் 2023 நவம்பரில் ஒப்புதல் மறுத்தார்; அதே மாதம் 18ஆம் நாள் சிறப்புக் கூட்டத்தில் சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது; பத்து நாட்கள் கழித்து ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மறுமுறை நிறைவேற்றப்பட்ட பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது சட்டப்படி செல்லாது என்றும், முழுமையான நீதி வழங்குவதற்குத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவின்படி அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றும் தீர்ப்பளித்ததோடு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்புகளையும் வகுத்தது. ஆளுநரின் கையொப்பம் இன்றியே பத்துச் சட்டங்களும் அரசிதழில் வெளியாயின. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர், சட்டச் சிக்கல்கள் குறித்து உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க இடமளிக்கும் 143ஆவது பிரிவின் கீழ், பதினான்கு வினாக்களை நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

ஒரு தொகுப்பு நூல் இந்த நிகழ்ச்சிகளை ஐந்து வரிகளில் நாள், மாதத்தோடு தந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். தேர்வருக்கு வேண்டியதோ இங்கேதான் தொடங்குகிறது. அரசியலமைப்பின் 200ஆவது பிரிவு, ஒரு மசோதா தம்மிடம் வரும்போது ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கி வைக்கலாம் என்கிறது. பண மசோதா அல்லாத ஒன்றைத் திருப்பி அனுப்புவதாயின் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்றும், சட்டமன்றம் திருத்தத்தோடோ திருத்தமின்றியோ அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கலாகாது என்றும் அதன் முதல் காப்புரை கூறுகிறது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கக் கூடிய மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும் என்பது இரண்டாவது காப்புரை. அடுத்து வரும் 201ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்கு எந்தக் காலக்கெடுவும் இல்லை. அவர் திருப்பி அனுப்பினால் மறுபரிசீலனை செய்யச் சட்டமன்றத்துக்குத்தான் ஆறு மாதக் கெடு உண்டு. மீண்டும் நிறைவேற்றி அனுப்பினாலும் ஒப்புதல் தர அவர் கட்டுப்பட்டவர் அல்லர். ஆளுநருக்குரிய கட்டுப்பாட்டுக்கும் குடியரசுத் தலைவருக்குரிய சுதந்திரத்துக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு, வினா அமைப்பவர் விரும்பித் தேடும் இடமாகும்.

பின்னணி இதோடு நிற்பதில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மசோதாக்களின் மீது ஆளுநர் தம் விருப்புரிமைப்படி முடிவெடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்தச் சொற்கள் 200ஆவது பிரிவில் இல்லை. அவை இல்லாததற்கு என்ன பொருள் கொள்வது என்பதுதான் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு, ஒன்றிய அரசு 1983இல் அமைத்த சர்க்காரியா ஆணையம், 2007இல் அமைத்த புஞ்சி ஆணையம் ஆகிய மூன்றும் ஒன்றிய, மாநில உறவுகளை ஆராய்ந்தவை. ஆளுநரின் முடிவுக்கு ஆறு மாத வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது புஞ்சி ஆணையம். தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைகள் குறித்து ஒரு குழுவை அறிவித்ததும் தீர்ப்பு வந்த அதே ஏப்ரல் மாதத்தில்தான். 143ஆவது பிரிவுக்கும் நீண்ட வரலாறு உண்டு: 1951இல் டெல்லி சட்டங்கள் குறித்த முதல் கேள்வி, 1950களின் இறுதியில் கேரளக் கல்வி மசோதா, 1990களின் தொடக்கத்தில் காவிரி நடுவர் மன்றம் தொடர்பான கேள்வி, விடையளிக்க நீதிமன்றமே மறுத்துவிட்ட அயோத்திக் கேள்வி என்று அந்த வரிசை நீள்கிறது. ஒதுக்கி வைக்கும் நடைமுறையால் மாநிலத்துக்கு நன்மை விளையும் இடமும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் ஒன்றியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் அந்த மாநிலத்துக்குள் செல்லும் என்கிறது 254ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. 2017இல் சல்லிக்கட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நின்றது. அதை 2023இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

இத்தனையிலிருந்தும் யு.பி.எஸ்.சி. எதைக் கேட்டது? தீர்ப்பு வந்த ஏழு வாரங்களில், 2025 மே 25 அன்று நடந்த முதல்நிலைத் தேர்வில் இரண்டு கூற்றுகள் தரப்பட்டன. சில துறைகளில் ஆளுநர் தம் விருப்புரிமைப்படி செயல்படுவதை அரசியலமைப்பு வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது என்பது முதல் கூற்று. மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அனுப்பாமலேயே குடியரசுத் தலைவர் தாமாகத் தம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. 163ஆவது பிரிவைப் படித்தவர் முதலாவது சரி என்பதையும், 200, 201ஆவது பிரிவுகளைப் படித்தவர் இரண்டாவது தவறு என்பதையும் அரை நிமிடத்தில் கண்டுவிடுவர். வழக்கின் பெயரோ, நீதிபதிகளின் பெயர்களோ, தீர்ப்பின் நாளோ வினாவில் இல்லை. வினாத்தாள் எப்போது அச்சாகியிருந்தாலும் இந்த வினாவுக்கு அந்தத் தீர்ப்பே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்து மூலப் பிரிவுகளைப் புரட்டிய தேர்வருக்கு வினா எளிதாக இருந்திருக்கும்.

இந்த வழக்கில் இன்னுமொரு பாடம் உண்டு. குடியரசுத் தலைவர் அனுப்பிய அந்தப் பதினான்கு வினாக்கள் குறித்து 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்துரை, அரசியலமைப்பு கூறாத கால வரம்பை நீதிமன்றம் ஆளுநர் மீதோ குடியரசுத் தலைவர் மீதோ விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் பெற்றதாகக் கருதுதல் என்ற கோட்பாட்டுக்கு 142ஆவது பிரிவில் இடமில்லை என்றும் கூறியது. அதே வேளையில், ஒரு மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை என்றும், விளக்கமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால், முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் தெளிவுபடுத்தியது. ஏப்ரல் மாதத் தொகுப்பை மனப்பாடம் செய்துவிட்டு நவம்பரைப் பார்க்காமல் விட்டவர், முதன்மைத் தேர்வில் பாதிச் செய்தியை முழுச் செய்தியாக எழுதும் நிலைக்கு ஆளாவார். நடப்பு நிகழ்வுகள் மாதக் கணக்கில் தனித்தனியாக நிற்பவை என்ற எண்ணத்தை மாத இதழ்களின் வடிவமே உண்டாக்கிவிடுகிறது. ஒரு பிரச்சினையை அதன் தொடக்கம் முதல் இன்றைய நிலை வரை ஒரே தாளில் திருத்தித் திருத்தி எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமே இதற்கு மாற்று.

சுற்றுச்சூழல் பகுதியில் இதே உண்மை வேறு விதமாக வெளிப்படுகிறது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில், உலக ஈரநில நாளையொட்டி, இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்றும், இவற்றோடு தமிழ்நாட்டின் ராம்சார் இடங்கள் இருபது ஆயின என்றும், எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை என்றும் செய்தி வந்தது. பெரும்பாலோர் இருபது என்ற எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்தனர். அந்த எண் எந்த ஆண்டும் மாறக் கூடியது. அதனடியில் உள்ள செய்தி மாறாதது. 1971 பிப்ரவரி 2 அன்று, காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஈரானிய நகரமான ராம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஈரநிலம் என்பதற்கு மிக விரிந்த வரையறை தருகிறது: இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையாக நீர் நிற்பதோ பருவத்தில் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உவர்நீரோ, தாழ்நீர் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடற்பகுதி வரை அனைத்தும் அதில் அடங்கும். இந்தியாவில் 1981இல் சில்கா ஏரியும் கேவலாதேவ் தேசியப் பூங்காவும் முதலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் கோடியக்கரை 2002இல் இடம்பெற்ற பிறகு இருபது ஆண்டுகள் வேறெதுவும் சேரவில்லை. 2022இல்தான் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று பதின்மூன்று இடங்கள் ஒரே ஆண்டில் சேர்ந்தன.

இராமநாதபுரத்து இடங்கள் இரண்டும் அடிப்படையில் கண்மாய்கள், அதாவது மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கி வயலுக்குப் பாய்ச்ச மனிதர் வெட்டிய பாசன ஏரிகள். கரையிலும் நீருக்குள்ளும் வளர்ந்த கருவேல மரங்களில் வலசைப் பறவைகள் கூடு கட்டியதால் அவை சரணாலயங்களாயின. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, நெல் வயல்களையும், குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும் ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகின்றன. அதே விதிகள் ராம்சார் பட்டியலில் உள்ள இடங்களுக்குப் பொருந்தும் என்றும் கூறுகின்றன. உலக உடன்படிக்கை ஏற்கும் கண்மாயை உள்நாட்டு விதியின் வரையறை விலக்குகிறது என்ற இந்த முரண், தென்மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான கண்மாய்களுக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்ற பெரிய கேள்விக்கு இட்டுச் செல்கிறது. இருபது என்ற எண்ணால் ஒருநாளும் எழுப்ப முடியாத கேள்வி இது.

யு.பி.எஸ்.சி. இந்தப் பொருளுக்கு எத்தனை முறை திரும்பி வந்திருக்கிறது என்பதும் கவனத்துக்குரியது. ஓர் ஈரநிலம் மாண்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டால் என்ன பொருள் என்று 2014 முதல்நிலைத் தேர்வு கேட்டது. மனிதச் செயல்களால் சூழலியல் தன்மை கெட்டுவரும் ராம்சார் இடங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு அது. ஈரநிலம் என்றால் என்ன, அறிவார்ந்த பயன்பாடு என்னும் ராம்சார் கருத்தை விளக்குக, இந்தியாவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக என்று 2018 முதன்மைத் தேர்வு கேட்டது. நாட்டின் எல்லா ஈரநிலங்களையும் பாதுகாப்பது அந்த உடன்படிக்கையின்படி இந்திய அரசுக்குக் கட்டாயம் என்ற தவறான கூற்றை வைத்து 2019 முதல்நிலைத் தேர்வு சோதித்தது. ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை கேட்கப்பட்டும், மாநிலத்தில் எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கை அம்மூன்றிலும் இடம்பெறவில்லை.

பொருளாதாரச் செய்திகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, அங்கும் நிலை இதுவே. 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி விகிதத்தை, அதாவது வணிக வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 6.5 விழுக்காட்டிலிருந்து நான்கு முறையாக 5.25 வரை குறைத்தது. இந்த எண்களைவிட, பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், மேலும் கீழும் இரண்டு புள்ளி இடைவெளிக்குள் வைக்க வேண்டும் என்ற இலக்கு 2016இல் சட்டமாக்கப்பட்டதும், ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு அதற்காக அமைந்ததும், வட்டி குறைந்தால் கடனும் செலவும் விரிவடையும் என்பதும் முக்கியமானவை. விரிவாக்கப் பணக்கொள்கையைப் பின்பற்றும் ரிசர்வ் வங்கி எதைச் செய்யாது என்று 2020இல் கேட்கப்பட்ட வினாவுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. அறிவியல் செய்திகளும் அப்படியே: ஆதித்யா எல்-1 விண்கலம் எந்த நாளில் ஏவப்பட்டது என்பதைக் காட்டிலும், அது நிலைகொண்டுள்ள லக்ராஞ்சுப் புள்ளி என்பது எத்தகையது என்பதே கேட்கத் தகுந்தது.

முதன்மைத் தேர்வில் செய்தியின் பயன் வேறு. அங்கே விவாதிக்க, திறனாய்வு செய்க, கருத்துரைக்க என்று முடியும் வினாக்களுக்கு 150 அல்லது 250 சொற்களில் விடையளிக்க வேண்டும். நடப்பு நிகழ்வு அங்கே வாதத்துக்குச் சான்றாக நிற்கிறது. ஆளுநர் வழக்கையே எடுத்துக்கொண்டால், கூட்டாட்சி பற்றிய வினாவுக்கும், அதிகாரப் பிரிவினை பற்றிய வினாவுக்கும், அரசியலமைப்பு ஒழுக்கம் பற்றிய அறவியல் வினாவுக்கும் அது உதவும். ஒரு பக்கச் சார்பாக எழுதுவதும், அதற்கு அஞ்சி எந்த முடிவும் சொல்லாமல் இரு பக்கமும் தலையாட்டுவதும் ஒரே அளவுக்குக் குறைபாடுகள்தாம். இரண்டாவது குறைபாடு பயிற்சி மையங்களின் மாதிரி விடைகளில் நடுநிலை என்ற பெயரில் வளர்க்கப்படுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எவற்றைப் படிப்பது என்பதில் மறைபொருள் ஒன்றுமில்லை. நாள்தோறும் ஒரு தரமான செய்தித்தாள், பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் வெளியீடுகள், ஆண்டுக்கொரு முறை வரும் பொருளாதார ஆய்வறிக்கை, நிதிநிலை அறிக்கை, மசோதாக்களைச் சுருக்கித் தரும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் குறிப்புகள், அருகே ஒரு நிலப்படத் தொகுப்பும் அரசியலமைப்பின் ஒரு படியும் இருந்தால் போதும். கட்சித் தலைவர்களின் சொற்போர், தேர்தல் கூட்டணிப் பேச்சு, குற்றச் செய்தி, திரைச் செய்தி ஆகியவற்றைத் தயக்கமின்றித் தள்ளிவிடலாம். ஒரு செய்தியின் மீது கேட்கப்பட வேண்டியவை, இது எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது, எந்த அமைப்பு முடிவெடுக்கிறது, நிலப்படத்தில் எங்கே உள்ளது, இதற்கு முன் எப்போது நடந்தது என்பன போன்ற சில கேள்விகளே. அவற்றுக்கு விடை தராத செய்தி, எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தாலும், தேர்வருக்குரியதன்று.

தமிழ் வழியில் எழுத விரும்பும் தேர்வருக்கு இந்த இடத்தில்தான் உண்மையான இடர் உள்ளது. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகிறது. முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களையும் கட்டுரையையும் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம் என்றாலும், அங்கும் வினாக்கள் அந்த இரு மொழிகளில்தான் உள்ளன. ஆகவே ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதும் இரட்டைச் சுமையைத் தமிழ்வழித் தேர்வர் சுமக்க வேண்டியிருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுக்கப்படும் ஆயிரம் பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்கு ஆயத்தமாக மாதம் 7,500 ரூபாயும், அதில் வென்றோருக்கு 25,000 ரூபாயும் தமிழ்நாடு அரசு வழங்குவது பொருள் வகையில் பெரிய துணை. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் வெளியீடுகளும், யோஜனாவின் தமிழ்ப் பதிப்பாகிய திட்டம் இதழும், அரசியலமைப்பின் தமிழாக்கமும் கிடைக்கின்றன. கிடைக்காதது, அன்றாடச் செய்தியின் பின்னணியைத் தமிழில் தொடர்ந்து விளக்கும் எழுத்து. தமிழ் நாளிதழ்கள் நிகழ்ச்சிகளைத் தருவதில் எந்த மொழிக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் ஆளுநர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார் என்ற தலைப்புச் செய்திக்கு அருகில், 200ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்ற பத்து வரிக் கட்டத்தை அச்சிடும் வழக்கம் அவற்றில் மிக அரிது. அந்தப் பத்து வரிகளைத் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் நாள்தோறும் எழுதத் தொடங்க வேண்டும். தேர்வு எழுதாத வாசகருக்கும் அவை பயன்படும்.